மூச்சுக்கு நீர்

புத்தளத்திலிருந்து வடக்கே, வில்பத்துக் காட்டை நோக்கிச் செல்லும் பழைய வீதியில் வண்ணாத்திவில்லு அமைந்திருக்கிறது. மேற்கே களப்பு, வடக்கே காடு, நிலத்துக்கு அடியிலோ சுண்ணாம்புக்கல். மழைநீர் இயல்பாகவே தேங்கி நிற்கும் மணற்கரைக் குளங்களை அப்பகுதியில் வில்லு என்பர். வில்பத்து என்னும் பெயரும் அச்சொல்லின் வழி வந்ததே. ஆகவே அவ்வூரின் பெயரிலேயே நீர் நிற்கிறது எனலாம். இரவில் களப்புப் பக்கமிருந்து வரும் காற்று பிசுபிசுக்கும். மூடாது வைத்த உப்பு விடியுமுன் கசிந்துவிடும். இத்தகைய ஊரில் வாழ்பவர் ஒருவர், தாம் உறங்கும்போது சுவாசிக்கும் காற்றுக்கு நீர் சேர்க்க வேண்டுமோ என்று ஐயுற்றால், அயலார் நகைக்கக்கூடும்.

ஆயினும் அவ்வையம் நகைப்புக்குரியதன்று. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் உடையவர்களுக்கு இந்நாளில் வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் சாதனம் சீபாப் என்பது. சிறியதொரு விசிறிப்பொறி அறையின் காற்றை உள்ளிழுத்து, ஒரு குழாயின் வழியே, மூக்கின்மேல் பொருத்திய முகமூடிக்கு இடையறாத அழுத்தத்தோடு அனுப்புகிறது. உறங்கும்போது தளர்ந்து ஒட்டிக்கொள்ளும் தொண்டையை அவ்வழுத்தம் விரித்து நிறுத்துகிறது. அப்பொறியோடு சேர்த்தோ தனியாகவோ ஈரமூட்டி என்னும் நீர்க்கலமும் கிடைக்கிறது. அதனை வாங்குவதா, வாங்கினால் எரியவிடுவதா, என்ன நீர் ஊற்றுவது என்பவை அற்ப வினாக்களாகத் தோன்றும். ஆனால் மூக்கு வறண்டு அடைத்துக்கொண்டது என்று சொல்லிப் பொறியையே பெட்டியில் வைத்து மூடிவிடுவோர் உலகெங்கும் உண்டு. அங்ஙனம் மூடிவிட்டவர் பழைய நோய்க்கே திரும்புகிறார். பகலில் கண் அயர்கிறது. குருதி அழுத்தம் ஏறுகிறது. அவர் இரவில் கொழும்பு வீதியில் பாரவூர்தி செலுத்துபவராயின், அவர் உயிர் மட்டுமன்றி எதிரே வருபவர் உயிரும் அந்த நீர்க்கலத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

குறட்டை பழையது. கும்பகருணன் உறக்கத்தைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு அது வேடிக்கைப் பொருள். ஆங்கிலேயருக்கும் அப்படியே. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836, 1837ஆம் ஆண்டுகளில் எழுதிய பிக்விக் கதையில், நின்ற நிலையிலேயே உறங்கிக் குறட்டைவிடும் ஜோ என்னும் பருத்த பையன் வருகிறான். அவனை நினைவிற் கொண்டே 1956இல் அமெரிக்க வைத்தியர் பர்வெல்லும் அவர் துணைவர்களும் ஒரு நோய்க்குப் பிக்விக்கின் பெயரை இட்டனர். அவர்கள் கண்ட நோயாளி சீட்டாட்டத்தில் வெல்லும் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே உறங்கிவிட்டவர்! வேடிக்கை அத்துடன் முடிந்தது. 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தனித்தனியே ஆராய்ந்தவர்கள், இத்தகையோர் உறக்கத்தில் திரும்பத் திரும்ப மூச்சு நின்று போகின்றனர் என்பதைக் கருவி கொண்டு பதிவு செய்தனர்.

நோய் இன்னதென்று தெரிந்தபின் கிடைத்த முதல் மருந்து கத்தி. 1969இல் ஜெர்மன் வைத்தியர் கூலோவும் துணைவரும், குரல்வளைக்குக் கீழே கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, அடைபடும் தொண்டையைத் தவிர்த்துவிடும் முறையைக் கையாண்டனர். மூச்சு நின்றுபோவது நின்றது. ஆனால் மூக்கின் வேலையும் அதனோடு நின்றது. ஈரமூட்டியின் கதை உண்மையில் இத்துளையிலிருந்துதான் தொடங்குகிறது. அதுவும் சீபாப் தோன்றுவதற்கு நூற்றைம்பது ஆண்டு முன்னரே.

1825இல் பிரான்ஸ் தேசத்து வைத்தியர் பிரெத்தொனோ, டிப்தீரியா என்னும் தொண்டையடைப்பு நோயால் மூச்சு முட்டிய ஒரு சிறுமியைக் கழுத்தில் துளையிட்டுக் காப்பாற்றினார். அவர் மாணவர் துரூசோ அம்முறையைப் பலருக்குச் செய்தார். துளையின் வழியே நேராகப் புகும் காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருப்பதால் சளி இறுகிக் குழாயை அடைத்துவிடுவதைக் கண்டு, கழுத்தைச் சுற்றி மெல்லிய துணியொன்றைத் தளரக் கட்டும்படி அவர் கற்பித்தார். வெளிவிடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் துணி பிடித்து வைத்து, உள்வாங்கும் மூச்சுக்குத் திருப்பிக் கொடுத்தது. பின்னாளில் கொதிகெண்டியின் நீண்ட மூக்கு வழியே நோயாளியின் படுக்கையைச் சுற்றி ஆவி பாய்ச்சும் வழக்கமும் ஐரோப்பாவில் பரவியது. நொச்சியிலை இட்டு வேது பிடிக்கும் நம் பாட்டிமாருக்கு அது புதுமையாய் இருந்திராது. ஆனால் வேது சிறிது நேர ஆறுதல். துரூசோவின் துணியோ இரவு பகல் ஓயாது வேலை செய்தது. அத்துணியின் வழியே மூக்கின் தொழில் யாதென்பது வெளிப்பட்டது.

மூக்கு மணம் அறியும் பொறி மட்டுமன்று. அது ஓர் உலைக்கூடமும் நீர்ப்பந்தலும் ஆகும். 1956இல் சுவீடன் தேசத்து இங்கெல்ஸ்டெட், குரல்வளைக்குக் கீழே நுண்கருவியைச் செலுத்தி, அவ்விடத்துக் காற்றின் சூட்டையும் ஈரத்தையும் அளந்தார். மூக்கால் சுவாசித்த காற்று அங்கு வந்து சேரும்போது ஏறத்தாழ முழு ஈரம் ஏறியிருந்தது. சிறிதளவே நீளமுள்ள பாதையில், ஒரு மூச்சு இழுக்கும் கணத்தில், இது நிகழ்கிறது. வெளிவிடும்போது மூக்கின் குளிர்ந்த சுவரில் நீரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மீண்டும் படிகிறது. கொடுத்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் இச்சிக்கனமே மூக்கை இரவு முழுவதும் வறளாமல் காக்கிறது. பின்னால் வரும் செய்தி அனைத்துக்கும் இதுவே ஆணிவேர்.

இச்செய்தி பெரிய அளவில் தேவைப்பட்ட இடம் டென்மார்க். 1952இல் கொப்பன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் கடுமையாகத் தாக்கியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்கு இரும்புப் பெட்டிகள் போதவில்லை. ஓகஸ்ட் மாதம் 27ஆம் நாள், மயக்கமருந்து வைத்தியர் பியோன் இப்சன் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிடச் செய்து, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அவளுக்கு மூச்சுக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். பின்னர் ஆயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் நோயாளிகளுக்குக் கையால் மூச்சூட்டினர். அன்று முதல், நெடுநாள் செயற்கை மூச்சு வைத்தியசாலைகளில் இயல்பானது. மூக்கைத் தவிர்த்துச் செல்லும் காற்றை ஈரப்படுத்துவது கட்டாயமுமானது. 1960களின் இறுதியில் நியூசீலந்தின் ஓக்லண்ட் வைத்தியசாலையில் மத்தியூ ஸ்பென்ஸ் என்பார் இதற்கு நல்ல கருவி கேட்டபோது, உருவான முதல் மாதிரி பழம் பதனிட்டு வைக்கும் கண்ணாடிச் சாடியொன்றைக் கொண்டு அமைந்தது. இன்றைய ஈரமூட்டிகளில் பலவற்றின் மூதாதை அச்சாடியே.

நீர் உயிர் காப்பது போலவே உயிர் கொல்லவும் கூடும் என்பதும் அக்காலத்திலேயே தெரியவந்தது. 1965இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்து ஆய்வாளர்கள், மூச்சூட்டும் கருவிகளின் நீர்க்கலங்களில் கிருமிகள் பெருகி நோயாளிகளின் சுவாசப்பைகளுக்குச் செல்வதை எடுத்துக்காட்டினர். இதில் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. நீரைத் துளிகளாகச் சிதறடிக்கும் கருவி துளியோடு கிருமியையும் ஏற்றிச் செல்லும். நீரின்மேல் காற்றைத் தவழவிட்டு ஆவியை மட்டும் ஏற்றும் கலமோ அவ்வளவு தீங்கு செய்வதன்று. சீபாப் பொறியில் உள்ளது இரண்டாம் வகையே. எனினும் அழுக்கு நீருக்கு அது மன்னிப்பு அளிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இனிச் சீபாப்பின் பிறப்பு. கொலின் சலிவன் என்னும் அவுஸ்திரேலிய வைத்தியர், கனடாவில் ரொறன்ரோ நகரில் நாய்களின் உறக்க மூச்சை ஆராய்ந்தபோது, நாயின் நீண்ட மூக்குக்கு முகமூடி செய்து பொருத்தும் கலையைக் கற்றுக்கொண்டு சிட்னிக்குத் திரும்பினார். 1980 ஜூன் மாதத்தில், கழுத்தில் துளையிட விரும்பாத கடும் நோயாளி ஒருவர், புதிய முறை ஒன்றைச் சோதித்துப் பார்க்க இணங்கினார். தூசி உறிஞ்சும் பொறியின் விசிறியைக் கொண்டு மூக்குக்குள் காற்றைச் செலுத்தினார் சலிவன். நோயாளி பல மணி நேரம் ஆழ்ந்து உறங்கித் தெளிவுடன் எழுந்தார். 1981 ஏப்ரலில் லான்செட் இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்ரிமீற்றர் உயர நீரின் அழுத்தமே. ஒரு குவளை நீரின் அடியில் குழலை வைத்து ஊதப் போதுமானது. தொடக்க காலத்தில் முகமூடியை ஒவ்வோர் இரவும் பசை கொண்டு முகத்தில் ஒட்டவேண்டியிருந்தது. அதனையும் பொறுத்துக்கொண்டவர்கள் இருந்தனர் என்றால், நோயின் கொடுமையை உணரலாம்.

கழுத்துத் துளை போயிற்று. மூக்கு மீண்டும் வேலைக்கு வந்தது. ஆகவே ஈரமூட்டிக்கு இனித் தேவையில்லை என்று எண்ணுவதற்கு நியாயம் இருந்தது. ஆயினும் பலர் மூக்கு வறட்சி, தும்மல், அடைப்பு, தொண்டை எரிச்சல் என்று முறையிட்டனர். மூக்கு தன் இடத்தில் இருக்க, ஏன் இந்த வறட்சி?

விடை 1996இல் சலிவனின் குழுவினரிடமிருந்தே வந்தது. மூக்கின் வழி காற்றை அழுத்திச் செலுத்தும்போது உறங்குபவர் வாயைத் திறந்துவிட்டால், காற்று மூக்கால் நுழைந்து வாயால் வெளியேறிவிடுகிறது. ஒருவழிப் பாதையாகிறது. மூக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் நீர் கொடுக்கிறது. திரும்பப் பெறுவதோ ஒன்றுமில்லை. முன் சொன்ன சிக்கனம் முறிகிறது. உலர்ந்த மூக்கு தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுக் குருதியை வரவழைத்து வீங்குகிறது. வீங்கவே அடைக்கிறது, அடைக்கவே வாய் மேலும் திறக்கிறது. வேண்டுமென்றே வாயால் காற்றை வெளிவிடச் செய்து சோதித்தபோது மூக்கின் தடை பெரிதும் உயர்ந்தது. சூடேற்றிய நீரின்மேல் காற்றைச் செலுத்தியபோது அவ்வுயர்வு பெருமளவு தணிந்தது. சூடில்லாத நீர்க்கலம் சொல்லத்தக்க பயன் தரவில்லை. இவ்வாய்வு நிகழ்ந்த சிட்னியும் கடற்கரை நகரமே என்பதை வண்ணாத்திவில்லுக்காரர் கருத்திற் கொள்ளுதல் நன்று.

காற்றில் ஈரம் இருக்கிறதே என்னும் வாதத்தைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். சுவாசப்பையின் சூடு 37 பாகை. அந்தச் சூட்டில் ஒரு லீற்றர் காற்று 44 மில்லிகிராம் நீராவியைக் கொள்ளும். சுவாசப்பை கேட்பதும் அவ்வளவே. புத்தளக் கரையின் பிசுபிசுக்கும் இரவொன்றில், 27 பாகைச் சூட்டில், காற்று தான் கொள்ளக்கூடிய நீரில் நூற்றுக்கு 80 பங்கு கொண்டிருந்தாலும், லீற்றருக்கு இருப்பது ஏறத்தாழ 20 மில்லிகிராமே. பாதிக்கு மேற்பட்டதை மூக்கே கொடுக்க வேண்டும். உப்பளத்துத் தொழிலாளருக்கு இவ்வுண்மை வேறு உருவில் தெரியும்: கச்சான் காற்று கடலைத் தடவி வந்தாலும், வெயிலில் சூடேறியபின் பாத்தியின் நீரை உறிஞ்சிக்கொண்டே போகும். சூடேறிய காற்றுக்குத் தாகம் மிகுதி. உடலுக்குள் நுழையும் காற்றும் அவ்வாறே சூடேறித் தாகம் கொள்கிறது. குளிர்சாதனம் பூட்டிய அறையில் நிலைமை இன்னும் மோசம். 24 பாகையும் நூற்றுக்கு 50 பங்கு ஈரமும் உள்ள காற்றில் லீற்றருக்கு 11 மில்லிகிராம் அளவே நீர் உண்டு. ஐரோப்பாவின் உறைபனிக் காலத்து வெளிக்காற்றில் 5 மில்லிகிராமும் இராது. வண்ணாத்திவில்லு வீட்டின் திறந்த சாளரத்தருகே உறங்குபவர் இம்மூவரிலும் வசதியான நிலையில் இருக்கிறார் என்பது மெய். ஆனால் அவர் வாய் திறந்து உறங்குபவராயின் அவ்வசதி அவருக்கு உதவாது.

அப்படியானால் எல்லாரும் ஈரமூட்டியைப் பூட்டிவிட வேண்டியதுதானா? ஆய்வுகள் ஒருமுகமாகப் பேசவில்லை. 1999இல் அமெரிக்காவில் மாசியும் துணைவரும் செய்த சோதனையில், சூடான ஈரமூட்டி உடையவர்கள் அஃதில்லாத காலத்தைவிட இரவுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் கூடுதலாகப் பொறியை அணிந்தனர். 2005இல் மேடார் என்பவரின் குழு ஏறத்தாழ நூறு பேரிடம் சோதித்தபோது, வறட்சி குறைந்தது. அணியும் நேரமோ கூடவில்லை. இரண்டுக்கும் இடையே 2001இல் வந்த பிரெஞ்சு ஆய்வொன்று இன்னும் பயனுள்ள வினாவை எழுப்பியது: யாருக்கு இது வேண்டும்? அறுபது வயதைக் கடந்தோர், உடலை வறளச் செய்யும் மருந்து உண்போர், நாட்பட்ட மூக்கு நோயாளர், தொண்டையில் முன்பே அறுவை செய்துகொண்டோர் ஆகியோருக்கே பெரிதும் தேவைப்பட்டது என்று அது கண்டது. 2006இல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம், பொறியின் பயன்பாட்டை உயர்த்தச் சூடான ஈரமூட்டியைச் சேர்த்தல் தகும் என்று விதித்தது. செய்வோரும் நீர்க்கலத்தைப் பொறியின் உடலோடே இணைத்து விற்கலாயினர். விற்பனையும் விஞ்ஞானமும் ஒரே திசையில் செல்லும்போது சிறிது விழிப்பு வேண்டியதே. எனினும் இவ்விடயத்தில் விஞ்ஞானம் முன்னே சென்றது என்பதை மறுக்கவியலாது.

ஆகவே களப்போரத்துக் குடும்பம் ஒன்று செய்யத்தக்கது வைத்தியரைக் கலந்து, சில இரவுகள் ஈரமூட்டி இன்றியும் சில இரவுகள் ஈரமூட்டியோடும் உறங்கிப் பார்ப்பதேயாம். காலையில் நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தால் வாய் திறந்திருந்தது என்பது பொருள். அப்போது முகமூடி பொருந்துகிறதா என்பதை முதலில் நோக்க வேண்டும்; ஓட்டைப் பானையில் எவ்வளவு நீர் வார்த்தாலும் நிறையாது. வறட்சியே இல்லாதவர் கலத்தை வெறிதே விட்டு, மின்சாரத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்தலாம். மறுபக்கத்தில் ஈரம் மிகுந்தாலும் தொல்லையுண்டு. குளிர்ந்த அறையில் குழாய்க்குள்ளே ஆவி நீராகித் தேங்கிக் களகளவென்று ஒலிக்கும். நள்ளிரவில் முகத்தில் நீர் தெறித்து எழுப்பிவிடும். சூட்டின் அளவைக் குறைத்தாலோ, குழாய்க்குத் துணியுறை போட்டாலோ அது தீரும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், ஒலியடக்கும் பஞ்சு சிதைந்து மூச்சோடு கலக்கக்கூடும் என்று தன் பொறிகள் பலவற்றைத் திரும்ப அழைத்தபோது, மிகுந்த வெப்பமும் ஈரமும் அச்சிதைவை விரைவுபடுத்தலாம் என்று அறிவித்தது. அது வெப்பநாட்டார் கவனிக்கத்தக்க செய்தி. பழைய பொறியைக் கைமாற்றாக வாங்குபவர் அதன் வகையையும் இலக்கத்தையும் விசாரித்தறிவது அவசியம்.

எஞ்சியது நீர். ஓர் இரவில் கலம் 300 முதல் 400 மில்லிலீற்றர் வரை கொள்ளும். அதன் பெரும்பகுதி மூக்கைச் சேராமல் முகமூடியின் துவாரங்கள் வழியே அறையிலேயே கலந்துவிடும். வண்ணாத்திவில்லின் கீழே, மயோசீன் காலத்துச் சுண்ணாம்புப் படிவங்களினூடே, ஆழ்ந்த நிலத்தடி நீர் உண்டு. நீரியலாளர் அதனை அவ்வூரின் பெயராலேயே வழங்குவர். சுண்ணாம்பினூடு ஊறிய நீர் வன்னீர். கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிவது போலவே கலத்தின் சூட்டுத் தகட்டிலும் அது படியும். நீர் ஆவியாகிப் போக, கரைந்திருந்தது அனைத்தும் கலத்திலேயே தங்கிவிடும். கொதிக்கவைத்து ஆறவைத்தால் கிருமி சாகும். சுண்ணம் முழுவதும் நீங்காது. ஆகவே காய்ச்சி வடித்த நீரே உகந்தது. மின்கலத்துக்கென விற்கப்படும் நீரை வாங்குபவர், அதில் வேறு எதுவும் கலக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். வேது பிடிக்கும் பழக்கத்தில் தைலமோ மூலிகையோ இடுவது ஆகவே ஆகாது. நாசியிலும் சுவாசப்பையிலும் இரவு முழுதும் பாய்வதற்கு அவை உரியனவல்ல. விடிந்ததும் எஞ்சிய நீரைக் கொட்டி, கலத்தைச் சவர்க்கார நீரில் கழுவி, நிழலில் கவிழ்த்து உலரவிட வேண்டும். நேற்றைய நீரின்மேல் இன்றைய நீரை ஊற்றுதல் கூடாது. வெள்ளைப் படிவு கண்டால், வினாகிரியில் நீர் கலந்து சிறிது நேரம் ஊறவைத்து, நன்றாக அலசினால் கரைந்துபோகும். அருவக்காட்டில் வெட்டியெடுத்துப் புத்தளத்துச் சீமெந்து ஆலைக்கு அனுப்பப்படும் கல்லும் கலத்தில் படியும் வெள்ளையும் ஒரே சுண்ணமே.